அறுந்த இருநூறு இழைகள்

பிள்ளையார்பாளையத்தில் கார்த்திகை மழை விடாமல் பிடித்துக்கொண்டால் மூன்றாம் நாள், காலை இறக்கி நெய்கிற தறிக்குழியில் ஊற்று எடுத்துவிடும். எழுபத்து நான்காம் வருஷத்து மழைக்கு அவ்வளவு பொறுமை இல்லை. உமாபதி வீட்டில் இரண்டாம் நாள் விடிகாலையிலேயே குழியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. மருமகள் இந்திராணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பித்தளைச் சொம்பால் மொண்டு மொண்டு வாளியில் ஊற்றினாள். மாமியார் காமாட்சியம்மாள் கும்மட்டி அடுப்பில் கரியைப் போட்டு விசிறி, நீளவாட்டில் பூட்டிய பட்டுப் பாவு இழைகளுக்கு அடியில் கொண்டுபோய் வைத்தாள். பட்டு ஈரத்தை இழுத்துக்கொண்டால் அப்புறம் யார் சொல்பேச்சும் கேட்காது.

உமாபதி சுவரோரமாக மணையில் உட்கார்ந்து வலது காலை நீட்டி வைத்திருந்தார். முழங்கால் பூசணிப் பிஞ்சு கணக்காக வீங்கியிருந்தது. நாற்பது வருஷம் தறி மிதித்த கால், ஐப்பசியோடு மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டது. கால் நின்றுபோனதே தவிர வாய் நிற்கவில்லை.

"அந்த மூலையில இன்னும் இருக்குது பாரு. மொண்டு ஊத்து. கரியை ஏம்மா இவ்ளோ கிட்ட வெக்கிறே, பாவைச் சுடப் போறியா?"

"உங்க கண்ணுக்கு எல்லாம் கிட்டதான் தெரியும்" என்றாள் காமாட்சியம்மாள். விசிறியை நிறுத்தவில்லை.

இந்த வீட்டுக்கு ஒரே பிள்ளை திருஞானசம்பந்தம். சென்னையில் பெரிய இன்ஜினியரிங் கல்லூரிக்குப் போய்வந்து நான்கு வருஷமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். லேத்தில் இரும்பைச் சுழலவிட்டு, டூல் என்கிற கெட்டிக் கத்தியைக் கொடுத்தால் இரும்பு சுருள் சுருளாகச் சீவிக்கொண்டு வரும் அல்லவா, அந்தச் சுருள் எவ்வளவு தடிமனாக வரும், கத்தி மேல் எவ்வளவு பாரம் விழும் என்பதை வெட்டாமலே கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். இதுதான் ஆராய்ச்சி. தெருவில் இதைக் கேட்டவர்கள் எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி, "வெட்டிப் பார்த்தா தெரிஞ்சிடாதா?" என்பது. உமாபதியும் அதையேதான் கேட்டார். ஆனால் அவர் தினமும் கேட்டார்.

கால் போன பிறகு அவர் கேள்வியை விட்டுவிட்டுத் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். தை பிறந்தால் சம்பந்தம் தறியில் இறங்கிவிட வேண்டும். வீட்டுத் தறி ஒருநாளும் சும்மா கிடந்தது கிடையாது, தன் காலத்தில் கிடக்கவும் கூடாது. கல்லூரிப் பக்கம் பேராசிரியர் வரதராஜனும் ஏறக்குறைய அதையேதான் வேறு விதமாகச் சொல்லியிருந்தார். வருகிற சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்க ஒரே ஒரு முறை. அதிலும் சரியான விடை வராவிட்டால் இந்த ஆராய்ச்சியை மூடிவிட வேண்டியது.

இந்திராணி ஐயம்பேட்டைப் பெண். கல்யாணமாகி மூன்று வருஷம். சம்பந்தத்தைப் பிடித்துப்போனதற்கு அவளிடம் ஒரு காரணம் இருந்தது. அந்தச் சுருளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தட்டில் இருப்பது சோறா கூழா என்று அவனுக்குத் தெரியாது. அப்படி ஒன்றில் மனசு முழுக்க வைத்திருக்கிற ஆளை அவள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. இந்த இரண்டு மாதமாக அவன் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. போட்டதைச் சாப்பிட்டான், சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று வேறு சொன்னான். அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை பாவு பிணைக்க வேண்டியிருந்தது. தறியில் பழைய பாவு தீர்ந்துவிட்டால் புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய பாவின் அந்தந்த இழை நுனியோடு சேர்த்து விரலால் முறுக்க வேண்டும். முடிச்சுப் போடக்கூடாது. விரலில் துளி சாம்பல் தொட்டுக்கொண்டு ஒரு முறுக்கு, ஒரு மடிப்பு, அவ்வளவுதான். சாம்பல் இழைக்குப் பிடி கொடுக்கும். இப்படி நாலாயிரத்துச் சொச்சம் இழை. இந்த வேலையில் இந்திராணியை மிஞ்ச அந்த நான்கு தெருவில் ஆள் கிடையாது, கூப்பிட்டு அனுப்புவார்கள். அன்றைக்கு அவளோடு உட்கார வேண்டிய அம்சாவுக்குக் காய்ச்சல். மழையில் வேறு ஆளும் வரவில்லை.

"நான் உட்கார்றேன்" என்றான் சம்பந்தம்.

"நீயா?" என்றார் உமாபதி. "உனக்கு எங்கடா ஞாபகம் இருக்கப் போவுது?"

"எட்டாங்கிளாஸ் வரைக்கும் நீதானேப்பா உட்கார வெச்சே."

"உட்காரட்டும் வுடுங்க" என்றாள் காமாட்சியம்மாள். "தைக்கு மேல அவன்தானே பார்க்கணும்."

அந்த வார்த்தை கேட்டதும் அவன் முகம் சுருங்கியதை இந்திராணி பார்த்தாள். நடுவில் அவள் உட்கார்ந்தாள். இடது ஓரத்து ஆயிரம் இழையை அவனுக்கு ஒதுக்கினாள், வலது ஓரம் மாமியாருக்கு. வெளியே மழை ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. பச்சைப்பயறு கஞ்சியும் வேர்க்கடலைத் துவையலும் பக்கத்திலேயே ஆறிக்கொண்டிருந்தன.

கொஞ்ச நேரம் கழித்து அவள் மெதுவாகக் கேட்டாள்.

"இன்னாதாங்க தகராறு அந்தக் கணக்குல? எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க."

"புரியுற மாதிரின்னா..." அவன் முறுக்கிக்கொண்டே சொன்னான். "டூல் மேல இரும்பு சுருள் வழிஞ்சிக்கினு போவும். வழியுறப்ப உராயும் இல்ல? எவ்ளோ அழுத்தமோ அவ்ளோ உராய்வு. அழுத்தம் ரெண்டு மடங்கானா உராய்வும் ரெண்டு மடங்கு. பள்ளிக்கூடத்துப் பாடம். அதைத்தான் நான் எழுதி வெச்சிருக்கிறேன்."

"சரி."

"லேத்துல நெஜமா வெட்டி அளந்தா கத்தி மேல நூத்திப் பதினெட்டு கிலோ பாரம் வருது. கம்ப்யூட்டர் நூத்தி எழுவதுன்னுது. சுருளும் தடியா வருது. ஆறு மாசமா கூட்டல் கழித்தல் எல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டேன். ஒரு தப்பும் இல்ல."

"தப்பே இல்லைன்னா சரியா வரணுமே."

"அதான் பேஜாரு" என்றான். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு மாதத்தில் முதல் சிரிப்பு. இந்திராணிக்கு அது போதுமாக இருந்தது. அவன் பக்கம் அவள் திரும்பி, அவன் விரல் என்ன செய்கிறது என்று பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. பிற்பாடு பல நாள் அவள் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அன்றைக்கு மட்டும் பார்த்திருந்தால் கதை வேறாகியிருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை மழை தூறலாகக் குறைந்தது. நாஸ்தா முடிந்ததும் பிணைத்த பாவை முன்னால் இழுத்து, இழைகளைத் தூக்கி இறக்குகிற விழுதின் வழியாகவும், நெய்ததை அடித்து இறுக்குகிற பண்ணைச் சீப்பின் வழியாகவும் கடத்திக் கொண்டுவர வேண்டும். உமாபதி ஒருவர் தோளையும் பிடிக்காமல் நொண்டிக்கொண்டே வந்து தறியருகில் நின்றார். இந்திராணி பாவைப் பிடித்து ஒரே நிதானமாக இழுத்தாள். நடுப்பாகமும் வலப்பாகமும் எண்ணெய் விட்டது போல் வந்தன. இடது ஓரத்தில் டப் டப்பென்று சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை, மழைத்துளி இலையில் விழுகிற சத்தம்தான். அந்த வீட்டில் அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.

"நிறுத்து" என்றார் உமாபதி.

இருநூறுக்கு மேல் அறுந்து தொங்கின. எல்லாம் சம்பந்தம் பிணைத்தவை.

"இன்னாடா பண்ணி வெச்சிருக்கிறே? சாம்பலைத் தொட்டுக்கடான்னா அப்பி வெச்சிருக்கிறியே. மழை ஈரத்துல அது பசையா புடிச்சி, பண்ணையில மாட்டிக்கினு இருக்குது. இதுல காலேஜு வேற."

சம்பந்தம் காதுவரை சிவந்துபோய் நின்றான். இந்திராணி குனிந்து ஓர் இழையை எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும்.

"இங்க பாருங்க. நீங்க போட்ட பிணைப்பு அப்படியே இருக்குது. ஒரு நூல்கூட நழுவல. பக்கத்துல இழைதான் அறுந்திருக்குது. நழுவினாக்கூடப் பரவாயில்ல, திருப்பி முறுக்கிக்கலாம். இவ்ளோ சாம்பல் போட்டா பிடி கூடிக்கினே போவும்னு நெனச்சீங்களா? பிடி எவ்ளோதான் கூடினாலும் இழையோட பலத்தைத் தாண்டிப் போவ முடியுமா? அதுக்கு மேல இழுத்தா பட்டுதான் போவும்."

"இன்னொரு வாட்டி சொல்லு" என்றான் அவன்.

"இன்னாத்த சொல்றது? திட்டுனதையா?"

"பிடி எதைத் தாண்டாது?"

"இழையோட பலத்தை."

சம்பந்தம் அந்த இழையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். கும்மட்டி அடுப்புக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தான். உமாபதி பேசிக்கொண்டே போனார், அது இன்னும் ஐந்து நிமிஷம் நடந்தது. இவன் காதில் ஒன்றும் விழவில்லை. தட்டில் இருப்பது சோறா கூழா என்று தெரியாத முகம் வந்துவிட்டது. அதைப் பார்த்ததும், இருநூறு இழை அறுந்து கிடக்கிற நேரத்தில் சந்தோஷப்படக்கூடாது என்று தெரிந்தும், இந்திராணிக்குச் சந்தோஷம் பொங்கியது.

"இந்திராணி" என்று கூப்பிட்டான். "அந்த டூலோட மூக்குல அழுத்தம் எக்கச்சக்கமா இருக்குது. நான் எழுதின பாடம், அழுத்தம் ஏற ஏற உராய்வையும் ஏத்திக்கினே போவுது. ஆனா இரும்புக்கும் ஒரு பலம்தானே இருக்குது? உராய்வு அதைத் தாண்ட முடியாது. தாண்டுற நேரம் வந்தா சுருள் வழியாது. டூல்மேல ஒட்டிக்கினு அப்படியே நின்னுடும். இரும்பு தனக்குள்ளயே அறுந்து, மேல்பாகம் மட்டும் போவும். மூக்குகிட்ட ஒட்டல். அதுக்கு அப்புறம்தான் வழியல். நான் எல்லா இடத்துலயும் வழியுதுன்னு போட்டு வெச்சிருக்கிறேன்."

"அப்போ மொத்தக் கணக்கையும் மாத்தணுமா? நாளைக்குத்தானே முறை?"

"மூணு அட்டை. கணக்கை ஓட்டை போட்ட அட்டையிலதான் கம்ப்யூட்டருக்குக் குடுக்கணும். பாடம் சொல்ற உராய்வு, இரும்போட பலம், ரெண்டுல எது சின்னதோ அதை எடுத்துக்கன்னு சொல்லணும், அவ்ளோதான். ஆயிரத்து இருநூறு அட்டையில மூணே மூணு."

அன்று பூராவும் அறுந்த இழைகளை இந்திராணியும் மாமியாருமே ஒட்டுப் போட்டுச் சேர்த்தார்கள். சம்பந்தத்துக்குச் சாம்பல் கிண்ணத்தின் பக்கமே வரக்கூடாது என்று உத்தரவு. அவன் கரி விசிறினான், நடுநடுவே காகிதத்தில் எழுதினான். சாயங்காலம் பாவு பண்ணையைக் கடந்து சுத்தமாக வந்தது. உமாபதி மருமகளைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"நாளைக்கு நீயும் கூடப் போ."

"நான் எதுக்கு மாமா?"

"அவன் தோத்துட்டு வந்து ஜெயிச்சேன்னு சொன்னாலும் சொல்லுவான். எனக்கு அந்த இங்கிலீஷெல்லாம் தெரியுமா? உன் கண்ணால பார்த்துட்டு வந்து சொல்லு. உள்ளதைச் சொல்லு."

"தோத்தா தோத்துட்டாருன்னுதான் சொல்லுவேன்."

"அதுக்குத்தான் உன்னை அனுப்புறேன்" என்றார் உமாபதி.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பினார்கள். ராஜகோபுரம் மழைப்புகையில் பாதிதான் தெரிந்தது. அட்டைப் பெட்டியைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சம்பந்தம் சைதாப்பேட்டை வரை அதைக் கீழே வைக்கவில்லை. கல்லூரியில் ஒரு மெஷினில் மூன்று அட்டைகளைத் துளைபோட்டு வாங்கி, பழைய மூன்றை எடுத்துவிட்டுச் செருகினான். கம்ப்யூட்டர் இருந்த அறை பனிக்கட்டிக் கிடங்கு போலக் குளிர்ந்தது. இரண்டு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு இந்திராணி வெளியே வந்து வராந்தா பெஞ்சியில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே மெஷின் கடகடவென்று காகிதம் துப்புகிற சத்தம் மட்டும் கேட்டது. காமாட்சி அம்மன் பேரைச் சொல்லி முந்தானையில் ஒரு முடிச்சுப் போட்டாள்.

கதவு திறந்தது. சம்பந்தம் வெளியே வந்து அவள் பக்கத்தில் நின்றான். பின்னால் வந்த பேராசிரியர் வரதராஜன் பேசினார். வழுக்கைத் தலை, நரைத்த மீசை, கையில் நீளமாக மடித்த காகிதம்.

"நூற்றி இருபத்தொண்ணு. லேத்துல அளந்தது நூற்றிப் பதினெட்டு. ரொம்ப நல்லா வந்திருக்கு."

இந்திராணி எழுந்தாள்.

"ஆனா நான் இன்னும் ஒத்துக்கலை" என்றார் அவர். "சம்பந்தம், பதில் நூற்றிப் பதினெட்டுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்ச பதிலுக்குக் கணக்கை வளைக்கறது யாருக்கும் வரும். தெரியாத பதில் ஒண்ணைச் சொல்லியிருக்கா உங்க கணக்கு?"

"சொல்லியிருக்கு சார்" என்றான் சம்பந்தம். "கடைசிப் பக்கத்துல. சுருள் டூல்மேல எவ்வளவு நீளம் ஒட்டிக்கிட்டு நிக்குதுன்னு. அதை நாம அளந்ததே இல்லை."

பேராசிரியர் கடைசிப் பக்கத்தைப் பிரித்துப் பார்த்தார். மறுபடி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"வாங்க" என்றார்.

கம்ப்யூட்டர் அறைக்குள் கதவோரமாக நின்றிருந்த மயில்வாகனமும் லேத் கூடத்துக்குக் கூடவே வந்தார். இருபது வருஷமாக அங்கே லேத் ஓட்டுகிறவர். அந்தப் பரிசோதனைக்கு வெட்டிய டூலை டப்பாவிலிருந்து எடுத்து, துணியால் துடைக்காமல், பூதக்கண்ணாடி மெஷினுக்குக் கீழே வைத்துத் திருகினார்.

"நான் எண்ணக்கூடாது" என்றார் பேராசிரியர். "நம்பரைப் பார்த்துட்டேன். பார்த்த கண்ணு அதையேதான் தேடும். சம்பந்தமும் கூடாது. மயில்வாகனம், நீங்க?"

"நானும் கதவாண்ட நின்னுக்கினு காகிதத்தைப் பார்த்துட்டேன் சார். அதுவுமில்லாம என் கண்ணுக்கு ஒரு கோடு ரெண்டா தெரியுது."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் இந்திராணியைப் பார்த்தார்கள்.

"இவங்க வெளியிலதான் உட்கார்ந்திருந்தாங்க" என்றார் மயில்வாகனம்.

"அம்மா, உங்களுக்குச் சின்னதா இருக்கறதை எண்ணிப் பழக்கம் உண்டா?" என்று கேட்டார் பேராசிரியர்.

"பட்டு இழை எண்ணுவேன் சார்."

"ஓ. பட்டு இழை." அவர் ஒதுங்கி இடம் கொடுத்தார். "இவர் உங்க கணவர்ங்கறதை மறந்துடுங்க."

அது எப்படி மறக்கும்? கண்ணாடி மேல் குனிந்தாள். பத்து என்றால் அவன் ஜெயிப்பானா, பதினைந்து என்றால் ஜெயிப்பானா, ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் கண் என்ன செய்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. தெரியாதது நல்லதாகப் போயிற்று. கண்ணாடிக்குள் முதலில் ஒரே வெளிச்சம். மயில்வாகனம் திருகியதும் டூலின் விளிம்பு தெளிந்து வந்தது. விளிம்பை ஒட்டிக் கஞ்சி காய்ந்தது போல மங்கலாக ஒரு பட்டை. அதைத் தாண்டியதும் சீப்பால் வாரிய மாதிரி நீளநீளமாகக் கீறல்கள். மேலே அளவு கோடுகள் வரிசையாக நின்றன.

"ஒட்டிக்கினு இருக்கறது தெரியுது சார். அப்புறம் வழிஞ்ச தடம் தெரியுது" என்றாள். "எங்கிருந்து எண்ணணும்? விளிம்புலேர்ந்தா?"

"விளிம்புலேர்ந்து. ஒட்டினது முடியற இடம் வரைக்கும்."

எண்ணினாள். கண்ணை எடுத்து, சிமிட்டி, மறுபடி வைத்து எதிர்ப்பக்கத்திலிருந்து எண்ணினாள். மூன்றாம் முறை பட்டையின் நடுவில் எண்ணினாள். வெளியே மழை மறுபடி பிடித்துக்கொண்டது.

"பதினொண்ணு" என்றாள். "பதினொண்ணுக்குத் துளி கம்மி. பத்துக்கு மேல, பதினொண்ணை அப்படியே தொடல."

"நிச்சயமா?"

"மூணு வாட்டி எண்ணிட்டேன் சார். ஒரு கோட்டுக்கு இன்னா அளவு?"

"மில்லிமீட்டர்ல நூத்துல நாலு பங்கு."

அவள் மனசுக்குள் பெருக்கினாள். "அப்போ நூத்துல நாப்பத்தி நாலு. அதுல துளி கொறச்சல். நாப்பத்தி மூணே முக்கால்னு வெச்சிக்கலாம்."

பேராசிரியர் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தார். விரலால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். அவளுக்கு இங்கிலீஷ் வராது, எண் வரும். புள்ளி நான்கு மூன்று ஏழு என்று இருந்தது.

இந்திராணி நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். சம்பந்தம் லேத்தின் இரும்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்ணில் தண்ணீர் வழிவது அவனுக்குத் தெரியவில்லை. மயில்வாகனம் தோளில் கிடந்த எண்ணெய்த் துணியைத் தூக்கி உதறினார், பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டார்.

"கண்ணால பார்க்கறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கய்யா உன் கணக்கு" என்றார் பேராசிரியர். மரியாதையெல்லாம் போய் ஒருமைக்கு வந்துவிட்டிருந்தார். "எழுத ஆரம்பி. முழுசா எழுது. எங்கேர்ந்து பிடிச்சே இதை?"

"பாவை அறுத்துட்டேன் சார். இவ திட்டினா" என்றான் சம்பந்தம்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தார்கள். உமாபதி மகனைப் பார்க்கவே இல்லை. மருமகளைத்தான் பார்த்தார்.

"சொல்லு."

"ஜெயிச்சிட்டாரு மாமா."

"நீ பார்த்தியா?"

"பார்க்கறது இன்னா, நானே எண்ணினேன். கம்ப்யூட்டர் சொன்னது காகிதத்துல மூடி இருந்துது. நான் எண்ணினது டூல்ல இருந்துது. ரெண்டும் ஒண்ணு. வெட்டிப் பார்க்காமலே சொல்லுது மாமா அது. நெஜமா சொல்லுது."

உமாபதி தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். காமாட்சியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லாருக்கும் சோறு போடப்போனவள் போகாமல் நின்றாள்.

"அப்போ இவன் தறிக்கு வர மாட்டான்" என்றார் உமாபதி. அது கேள்வியாக இல்லை. "சரி. வர வேணாம். முடிச்சுட்டு வரட்டும். ஆனா தறி நிக்குமே. ஆள் பார்க்கணும். இந்த மழையில எவன் கெடைப்பான்?"

"நான் இறங்குறேன் மாமா" என்றாள் இந்திராணி.

"எங்க?"

"குழியில. எனக்கு நெய்யத் தெரியும்."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் குடுக்கல. எங்க வூட்டுல அப்பா சந்தைக்குப் போற நாளெல்லாம் நான் நெய்வேன். அவரு வந்து பார்த்துட்டு, அந்த ரெண்டு முழத்தையும் தானே நெய்ஞ்சதா நெனச்சிக்குவாரு."

காமாட்சியம்மாள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "புடவைக் கரைக்கு நான் உட்கார்ந்து நாடா வீசறேன்டி. இவரு வேடிக்கை பார்க்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை காலை மழை விட்டிருந்தது. குழியில் ஊற்று வற்றி, அடியில் மணல் கொட்டியிருந்தார்கள். இந்திராணி தறியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு காலை உள்ளே இறக்கினாள். பக்கத்தில் மாமியார் கரைக்குக் குறுக்கு நூல் ஓட்டுகிற நாடாவோடு உட்கார்ந்தாள். சம்பந்தம் கூடத்து மூலையில் காகிதக் கட்டைப் பரப்பி முதல் வரியை எழுதிக்கொண்டிருந்தான். மிதி விழுந்தது, நாடா ஓடியது, பண்ணை அடித்தது. உமாபதி தலையைச் சாய்த்து நாலைந்து அடி கேட்டார். குறை சொல்ல எதுவும் அகப்படவில்லை.

கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். குடையைக் கோலாக ஊன்றிக்கொண்டு வாசலில் இறங்கினார்.

"இந்தக் காலை வெச்சிக்கினு எங்க போறீங்க?" என்றாள் காமாட்சியம்மாள்.

"டீக்கடைக்கு. நாலு வருஷமா வெட்டிப் பார்த்தா தெரிஞ்சிடாதான்னு கேட்டானுங்க இல்ல, அவனுங்களுக்குப் பதில் சொல்லிட்டு வரேன்."

அப்படிக் கேட்டவர்களில் முதல் ஆள் யார் என்று வீட்டில் ஒருவரும் ஞாபகப்படுத்தவில்லை. அவர் நொண்டி நொண்டித் தெருவின் பாதியைக் கடப்பதற்குள், உள்ளே இந்திராணி நான்கு விரற்கடை நெய்திருந்தாள்.